பெரிய ரிசார்ட்டின் பாஸைப் புதுப்பிப்பதா, சின்ன மலைக்கு மாறுவதா? (ஸ்கீ மன்றத்தின் ஓர் இழை; ஒவ்வொரு பதிவுக்கு மேலும் எழுதியவரின் புனைபெயர்)

வெண்தடம்

பதினோரு சீசனாக ஒரே பெரிய ஸ்கீ (பனிச்சறுக்கு) ரிசார்ட்டுக்குத்தான் போய்வருகிறேன். சீசன் பாஸ் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது. இந்த முறை கை தயங்குகிறது. காரணம் சென்ற சனிக்கிழமை.

இரவெல்லாம் பனி கொட்டியது. 38 சென்டிமீட்டர் புதுப்பனி என்று காலையில் அறிவிப்பு வந்தது. ஐந்தரை மணிக்கே கிளம்பினோம். மலையடிவாரத்துக்கு முந்தைய பன்னிரண்டு கிலோமீட்டரைக் கடக்க மட்டும் இரண்டு மணி நேரம் பிடித்தது. அருகிலிருந்த வாகன நிறுத்துமிடங்கள் நிரம்பிவிட்டதால் தொலைவில் இருந்த ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஷட்டில் பஸ். என் மகளுக்கு ஒன்பது வயது. கனமான பூட்ஸுடன், ஸ்கீயைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் பஸ்ஸுக்காக நின்றாள். மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்ட்டில் நாங்கள் முதன்முதலாக உட்கார்ந்தபோது மணி 10.50.

மேலே இருக்கும் திறந்த சரிவுகளைப் பனிச்சரிவு அபாயம் காரணமாகப் பிற்பகல் ஒரு மணி வரை திறக்கவில்லை. மலைக்கு வந்த அத்தனை பேரும் கீழ்ப்பகுதியின் நான்கு லிஃப்ட்டுகளில் அடைந்துகிடந்தோம். மேல்பகுதி திறந்ததும் கூட்டம் அங்கே பாய்ந்தது; அங்கும் 45 நிமிட வரிசை. நாள் முடிவில் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் நான்கே இறக்கங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து எதிர்த்திசையில் ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன மலை இருக்கிறது. நாற்காலி லிஃப்ட்டுகள் மூன்று, கயிற்றைப் பிடித்து மேலேறும் கயிற்று இழுவை ஒன்று, உச்சியிலிருந்து அடிவரை 300 மீட்டர் இறக்கம். அந்த வழிகாட்டிப் பலகையைப் பலமுறை கடந்திருக்கிறேன், ஒரு நாளும் திரும்பியதில்லை. பெரிய மலையில் ஒவ்வொரு இறக்கமும் ஏறக்குறைய 600 மீட்டர்.

வீட்டில் நான்கு பேரும் நான்கு விதம். மனைவிக்கு நீலத் தடங்கள் (நடுத்தரக் கடினம்) பிடிக்கும். மகளுக்கு வேகம், பந்தயம். மைத்துனர் இந்த ஆண்டுதான் ஸ்கீயைக் காலில் மாட்டியிருக்கிறார். எனக்குச் செங்குத்தான சரிவுகளும் மரங்களுக்கு இடையிலான பொடிப்பனியும். மாறினால் எதை இழப்பேன்? இரண்டு பக்கமும் அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிவடம்

லிஃப்ட் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கூட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் மலையின் பரப்பளவிலிருந்து தொடங்குகிறார்கள். வட அமெரிக்காவின் பெரிய ரிசார்ட்டுகளான விஸ்லர் பிளாக்கோம் 8,171 ஏக்கர், வெய்ல் 5,317 ஏக்கர் என்று. அந்த எண்கள் சரிதான். ஆனால் உங்கள் சனிக்கிழமையை அவை விளக்காது. அதை விளக்குவது லிஃப்ட்டின் கணக்கு.

நான்கு பேர் உட்காரும் நாற்காலி ஆறு நொடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 2,400 பேர் மேலே போவார்கள். இப்போது 1,500 மீட்டர் நீளமுள்ள ஒரு லிஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகையில் நாற்காலி கம்பிவடத்தோடு நிலையாகப் பிணைந்திருக்கும். நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகம். மேலே போகப் பத்து நிமிடம். புதிய வகையில் நிலையத்துக்கு வந்ததும் நாற்காலி வடத்திலிருந்து கழன்று மெதுவாகும், ஆள் ஏறியபின் மறுபடி வடத்தைப் பற்றிக்கொண்டு நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் பறக்கும். மேலே போக ஐந்து நிமிடம். இந்த வகை நான்கு இருக்கை லிஃப்ட் முதலில் வந்தது 1981இல், கொலராடோவின் பிரெக்கென்ரிட்ஜில்.

வேகம் இரண்டு மடங்கானதால் வரிசை பாதியாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆகாது. இரண்டிலுமே ஆறு நொடிக்கு ஒரு நாற்காலிதான் ஏற்றுகிறது. மெதுவான லிஃப்ட்டில் எந்த நொடியிலும் 400 பேர் அந்தரத்தில் அமர்ந்திருப்பார்கள். வேகமான லிஃப்ட்டில் 200 பேர். மீதி 200 பேர் எங்கே? கீழே, வரிசையில், உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். கூட்டம் நிறைந்த நாளில் வேகமான லிஃப்ட் மிச்சப்படுத்தும் ஐந்து நிமிடத்தையும் வரிசையே விழுங்கிவிடும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில்தான் அந்த வேகம் உங்கள் கைக்கு வரும்.

அடுத்தது சரிவின் நெரிசல். இறங்க ஐந்து நிமிடம் ஆகும் என்றால், மணிக்கு 2,400 பேரை ஏற்றும் லிஃப்ட்டின் கீழ் எப்போதும் 200 பேர் இறங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேர் உட்காரும் பழைய நாற்காலி மணிக்கு 1,200 பேரைத்தான் ஏற்றும். அதன் கீழ் 100 பேர். பொடிப்பனி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முடிவு செய்வது இந்த எண்தான். சின்ன மலையின் பழைய லிஃப்ட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், அந்த லிஃப்ட் குறைவான பேரை ஏற்றுவதால்தான் பிற்பகலிலும் அங்கே தொடாத பனி கிடைக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

ஒரு யோசனை. அடுத்த முறை ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் இறங்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். உங்கள் சனிக்கிழமையின் கணக்கு 2,400 மீட்டர். அதோடு சின்ன மலையில் ஒரு நாளை ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இருக்கும் மலை வேறு, நீங்கள் சறுக்கிய மலை வேறு.

முகடுதேடி

கம்பிவடம் அண்ணா சொல்லும் கணக்கை ஏற்கிறேன். ஆனால் மீட்டரைக் கூட்டினால் மட்டும் போதாது. 300 மீட்டரைப் பதினைந்து முறை இறங்குவதும், 1,200 மீட்டரை மூச்சுவிடாமல் ஒரே வீச்சில் இறங்குவதும் ஒரே அனுபவம் அல்ல. அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் ரிசார்ட்டில் டிராம் (கம்பிவடத்தில் ஓடும் பெரிய கூண்டு) ஒரே தூக்கில் 1,262 மீட்டர் ஏற்றிவிடும். உச்சியில் வீசும் பனி வேறு, நடுவில் இருக்கும் பனி வேறு, அடிவாரத்தில் ஈரமான பனி. ஒரே இறக்கத்தில் மூன்று விதமாகக் காலை மாற்ற வேண்டும். தொடை நடுங்கும் அந்தக் கடைசி 300 மீட்டரில்தான் உங்கள் உத்தி உண்மையா பொய்யா என்று தெரியும். அதைச் சின்ன மலை தராது.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. பெரிய மலைக்கு எல்லாத் திசைகளிலும் முகம் இருக்கிறது. காற்று மேற்கிலிருந்து அடித்தால் பனி கிழக்கு முகத்தில் போய்க் குவியும். நான்கு நாள் வெயிலடித்தால் வடக்கு முகம் பனியைக் குளிராகவே காத்து வைத்திருக்கும். சின்ன மலைகளில் பெரும்பாலானவை ஒரே முகம் கொண்டவை. மழை பெய்து இரவில் உறைந்தால் மலை முழுவதும் கண்ணாடி. ஒதுங்க இடமில்லை.

வெண்தடம், உங்கள் சனிக்கிழமையில் ஒரு தவறும் இருந்தது. 10.50க்கு அடிவார லிஃப்ட்டில் ஏறியவர் மதியம் வரை அங்கேயே சுற்றக்கூடாது. அடிவாரத்திலிருந்து எட்டிய தூரத்தில் இருப்பவைதான் நிரம்பும். இரண்டு மூன்று லிஃப்ட் தாண்டி மலையின் ஓரத்துக்குப் போங்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நீங்கள் சறுக்குங்கள். காலி இருக்கையை நிரப்பத் தனித்தனியாக ஏற்றும் தனியாள் வரிசையில் நில்லுங்கள். பெரிய மலையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றவருக்கு அது சனிக்கிழமையும் இடம் கொடுக்கும்.

வெண்தடம்

ஒன்பது வயதுப் பிள்ளையோடு தனியாள் வரிசையில் நிற்க முடியாது, நண்பரே. மற்றபடி நீங்கள் சொன்ன முகங்களின் விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது.

சாலைமுடிவு

நீங்கள் இருவரும் லிஃப்ட்டின் அடியிலிருந்து தொடங்குகிறீர்கள். அவருடைய நாள் அங்கே தொடங்கவில்லை. சாலையில் தொடங்கியது, சாலையிலேயே பாதி முடிந்தும் போனது. 5.30 முதல் 10.50 வரை ஐந்து மணி இருபது நிமிடம். இதில் லிஃப்ட்டின் பங்கு எவ்வளவு?

அமெரிக்காவில் யூட்டாவின் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டா, ஸ்னோபேர்ட் என்ற இரண்டு ரிசார்ட்டுக்கும் ஒரே மலைச்சாலை. அந்தச் சாலையை 50க்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்கள் குறுக்கே வெட்டுகின்றன. பெரும்பனி விழுந்த காலையில், வெடிவைத்து மலையிலுள்ள பனியை உதிரச் செய்து முடிக்கும் வரை சாலையை மூடுவார்கள். திறந்ததும் பள்ளத்தாக்கின் வாயிலிருந்து உச்சிவரை பிரேக் விளக்குகளின் செந்நிற வரிசை. லிஃப்ட்டை ஆறு இருக்கையாக மாற்றினாலும் எட்டு இருக்கையாக மாற்றினாலும் அந்தச் சாலையின் அகலம் மாறப்போவதில்லை. அதனால்தான் பள்ளத்தாக்கின் அடியிலிருந்தே கொண்டோலா (கம்பிவடத்தில் ஓடும் மூடிய கூண்டுகள்) அமைக்கும் திட்டத்தை 2023இல் மாநிலப் போக்குவரத்துத் துறை தேர்ந்தெடுத்தது. அதை எதிர்ப்பவர்களும் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். கொலராடோவில் இதே கதைதான். டென்வரிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாகப் போகிறது. ஞாயிறு மாலை திரும்பும் வாகனங்கள் அத்தனையும் அந்த இரண்டு குழாய்களுக்குள் நுழைந்தாக வேண்டும்.

இதற்குத் தீர்வு பழைய காலத்திலேயே இருந்தது என்பதுதான் எனக்கு வேதனை. சுவிட்சர்லாந்தின் வெங்கனுக்குக் காரில் போகவே முடியாது, பற்சக்கர ரயிலில்தான் போக வேண்டும். செர்மாட்டுக்குப் போகிறவர்கள் காரை டேஷில் விட்டுவிட்டு ரயிலேறுகிறார்கள். இரண்டும் பெரிய ஸ்கீ பகுதிகள். கூட்டம் அங்கேயும் உண்டு. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை பூட்ஸோடு நிறுத்துமிடத்தில் நாற்பது நிமிடம் நிற்பதில்லை. டென்வரிலிருந்து விண்டர் பார்க் ரிசார்ட்டின் அடிவாரம் வரை குளிர்கால ரயில் ஒன்று ஓடுகிறது. அதைப் போல இன்னும் எத்தனை இருக்க வேண்டும்!

சின்ன மலையின் சாலையையும் அழகுபடுத்தத் தேவையில்லை. பனி அகற்றும் வண்டி அங்கே கடைசியாகத்தான் வரும். சக்கரச் சங்கிலி இல்லாமல் போகாதீர்கள். ஆனால் போய்ச் சேர்ந்தபின் காரின் கதவுக்கும் லிஃப்ட்டுக்கும் இடையே நூறடிதான் இருக்கும். குழந்தை உள்ள வீட்டுக்கு அந்த நூறடி பெரிய விஷயம்.

ஒற்றைப்பலகை

இங்கே எல்லோரும் நின்று சறுக்குகிறவர்களாகவே பேசுகிறீர்கள். நான் உட்கார்ந்து சறுக்குகிறவள். முதுகுத்தண்டில் காயம் பட்டபின் ஒற்றை ஸ்கீயின் மேல் பொருத்திய இருக்கையில் பட்டை கட்டிக்கொண்டு, கையில் சிறு ஸ்கீ பொருத்திய ஊன்றுகோல்களோடு இறங்குகிறேன். ஒன்பது ஆண்டுகளாயிற்று.

கம்பிவடம் அண்ணா பழைய மெதுவான லிஃப்ட்டைப் புகழ்ந்தார். பனிக்கு அது நல்லதாக இருக்கலாம், எனக்கு அப்படி இல்லை. நாற்காலியில் ஏற என் இருக்கையை நெம்புகோலால் உயர்த்தி வைத்துக்கொண்டு, நாற்காலி வந்து சேரும் கணத்தில் சரியாகப் பின்னால் சரிய வேண்டும். கழன்று மாட்டும் வகையில் நிலையத்துக்குள் நாற்காலி நடக்கும் வேகத்தில் வரும். நான் தனியாகவே ஏறிவிடுவேன். நிலையாகப் பிணைந்த வகையில் அது ஓடிவந்து இடிக்கும். நடுவில் கம்பம் உள்ள பழைய இரட்டை நாற்காலி என்றால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் லிஃப்ட்டை நிறுத்த வேண்டும், வரிசையில் நிற்கும் அத்தனை கண்களும் என்மேல். சின்ன மலைகளின் ஓய்வுக்கூடங்களில் கழிப்பறை மாடியிலோ கீழ்த்தளத்திலோ இருக்கும், மின்தூக்கி இருக்காது. நான் காலையில் தண்ணீர் குடிக்காமல் போன நாட்கள் உண்டு.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு ஸ்கீ கற்றுக்கொடுக்கும் பெரிய மையம் ஒன்று 1970 முதல் விண்டர் பார்க்கில் நடக்கிறது. கருவிகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், உடன் வரும் தன்னார்வலர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய இடம் தேவைப்படுகிறது. நான் கற்றுக்கொண்டதும் அப்படிப்பட்ட ஒரு பெரிய மலையில்தான்.

இருந்தும் இதையும் சொல்ல வேண்டும். இப்போது நான் வாரம்தோறும் போவது ஒரு சின்ன மலைக்கு. அங்கே லிஃப்ட் இயக்குபவர் நான் வளைவில் திரும்புவதைப் பார்த்ததும் கேட்காமலே வேகத்தைக் குறைப்பார். நெரிசலான பெரிய சரிவில் என் தலை மற்றவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பின்னாலிருந்து வருகிறவருக்கு நான் தெரிவதே இல்லை. இரண்டு முறை மோதியிருக்கிறார்கள். காலியான சரிவு எனக்குச் சொகுசு அல்ல, பாதுகாப்பு.

கம்பிவடம்

அக்கா, நீங்கள் சொன்னது என் கணக்கில் விடுபட்டுப்போன ஒன்று. லிஃப்ட்டை மாற்றாமலே ஏற்றும் இடத்தில் ஒரு நகரும் பட்டையைப் பொருத்தலாம். ஏறுபவரும் நாற்காலியோடு சேர்ந்து நகர்வதால் இடிக்கும் வேகம் குறையும். குழந்தைகளுக்கும் அது உதவும். சின்ன மலைகள் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

சிலுவைச்சட்டை

சரிவுகளின் பாதுகாப்பையும் மீட்பையும் பார்க்கும் பனி ரோந்துக் குழுவில் பன்னிரண்டு சீசன் இருந்தேன். சரிவுகளைப் பற்றிச் சிலவற்றைத் தெளிவாக்க விரும்புகிறேன்.

முதலாவது, தடங்களின் நிறம். வட அமெரிக்காவில் பச்சை (எளிது), நீலம் (நடுத்தரம்), கறுப்பு (கடினம்) என்பவை அந்தந்த மலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒப்பீடு. எல்லா மலைகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு மலையின் கறுப்புத் தடம் இன்னொன்றில் நீலமாக இருக்கும். சின்ன மலை என்பதால் அதன் கறுப்புத் தடம் எளிது என்று எண்ணிப் போய் முழங்காலை முறித்துக்கொண்டவர்களைப் படுக்கையில் கட்டிக் கீழே இறக்கியிருக்கிறேன்.

இரண்டாவது, வரைபடத்தில் இருக்கும் ஏக்கர் தானாகத் திறப்பதில்லை. ஒவ்வொரு சரிவையும் யாரோ அதிகாலை இருட்டில் ஏறிப்போய், வெடிவைத்து, குறுக்கே சறுக்கிச் சோதித்து, தடுப்புக் கயிற்றை அவிழ்த்தபின்தான் அது உங்களுடையதாகிறது. 2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை பார்க் சிட்டியில் ரோந்துக் குழுவினர் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய ரிசார்ட்டுகளில் ஒன்று அது. விடுமுறைக் கூட்டத்தின் உச்சத்தில் அந்த மலையின் ஒரு பகுதி மட்டுமே திறந்திருந்தது, வந்தவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பனி இருந்தது, லிஃப்ட் இருந்தது. கயிற்றை அவிழ்க்கும் கைகள் இல்லை. வெண்தடம், உங்கள் சனிக்கிழமையில் மேல் சரிவுகள் ஒரு மணிக்குத் திறந்தன என்றால் அதற்குள் அங்கே நடந்த வேலை சாதாரணமானதல்ல. பனிச்சரிவு விழும் தடங்கள் குறைவாக உள்ள சின்ன மலையில் ஐந்தாறு பேர் எட்டரை மணிக்குள் முடித்துவிடுவார்கள். அந்த வேறுபாடு உங்கள் நாளில் நேரடியாகத் தெரியும்.

மூன்றாவது, சின்ன மலை என்றால் சாதுவான மலை என்று பொருளில்லை. மொன்டானாவின் 'பிரிட்ஜர் பௌல்' லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் மலை. அதன் முகட்டுச் சரிவுகளுக்குப் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் சிக்னல் கருவி இல்லாமல் விடமாட்டார்கள். கொலராடோவின் சில்வர்டன் மலையில் இருப்பது ஒரே ஒரு இரட்டை நாற்காலி லிஃப்ட். கீழே வருவதற்கு எளிதான வழியே கிடையாது. ஏக்கரை வைத்து இவற்றை அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். ஆல்ப்ஸில் பொதுவாகக் குறியிட்ட தடங்களைத்தான் பாதுகாப்பார்கள். தடத்துக்கு இரண்டடி வெளியே இருக்கும் பனி உங்கள் பொறுப்பு. பிரான்ஸின் ட்ருவா வல்லேயில் 600 கிலோமீட்டர் தடம் இருக்கிறது என்றால் அதற்கு இடையிலுள்ள மலை முழுவதையும் யாரோ சோதித்துவிட்டார்கள் என்று அர்த்தமல்ல.

மரங்களுக்கிடையே சறுக்குவது பிடிக்கும் என்றீர்கள். கூட்டமில்லாத மலையில் அது இன்பம்தான். ஆனால் மரத்தடியில் தளர்ந்த பனிக்குழியில் தலைகீழாக விழுந்தால் உங்களைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். காலியான மலையில் துணையில்லாமல் மரங்களுக்குள் நுழையாதீர்கள். கண்ணில் படும் தூரத்தில் ஒருவர், கழுத்தில் ஒரு விசில்.

பழையநாற்காலி

கம்பிவடம் சொன்ன கணக்கை ஒரு மலையே வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென். ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலி லிஃப்ட் 1948 முதல் அங்கே ஓடுகிறது. 1995இல் சறுக்குகிறவர்களே கூட்டுறவு அமைத்து மலையை வாங்கினார்கள். அந்த லிஃப்ட் பழுதடைந்தபோது இரட்டை நாற்காலியாக மாற்றும் வாய்ப்பு இருந்தது. உறுப்பினர்கள் மறுத்துவிட்டார்கள். 2007இல் கம்பம் முதல் கம்பிவடம் வரை புதுப்பித்து மறுபடி ஒற்றை நாற்காலியாகவே நிறுத்தினார்கள். மேலே போகிறவர்களின் எண்ணிக்கை கூடினால் குறுகலான அந்த மரப்பாதைகளில் பனி தாங்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வரிசை நீளும், நீளட்டும் என்று முடிவு செய்தார்கள். மலையை நேசிக்கிறவர்கள் எடுத்த முடிவாக இதை எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். (இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு அங்கே இன்றும் இடமில்லை. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் மகன் ஸ்னோபோர்டுக்காரன்.)

கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் வரலாறு உண்டு. 1998இல் ஐடஹோவின் போகஸ் பேசின், அதுவும் லாப நோக்கமற்ற சின்ன மலைதான், சீசன் பாஸின் விலையை ஒரேயடியாகக் குறைத்து விற்றது. மற்றவர்கள் பார்த்துக் கற்றார்கள். 2008இல் எபிக் பாஸ் வந்தது, 2018இல் ஐகான் பாஸ் வந்தது. ஒரே அட்டையில் பல மலைகள். முன்பு ஆண்டுக்கு ஐந்து நாள் போனவர் இருபது நாள் போகத் தொடங்கினார். பாஸ் கையில் இருக்கும்போது சனிக்கிழமை வீட்டில் இருப்பது நட்டமாகத் தெரியும் அல்லவா? கொலராடோவின் அரபஹோ பேசின் மலை 2019இல் எபிக் கூட்டிலிருந்து வெளியேறியது, வாகன நிறுத்துமிடமும் கூட்டமும் தாங்கவில்லை என்று காரணம் சொல்லியே. அதன்பின் சில சீசன்கள் அங்கே மூச்சுவிட இடம் கிடைத்தது. 2024இல் ஐகானை நடத்தும் நிறுவனமே அதை வாங்கிவிட்டது.

சின்ன மலைகளுக்கு இண்டி பாஸ் 2019இல் வந்தது. ஒவ்வொரு மலையிலும் இரண்டு நாள். எதிலும் கூட்டம் தேங்காத அளவுக்கு அந்த இரண்டு நாள் வரம்பு வேலை செய்கிறது.

முகடுதேடி

எல்லாம் சரி. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 700க்கும் மேற்பட்ட ஸ்கீ மலைகள் இருந்தன. இன்று 500கூட இல்லை. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை சின்ன மலைகள். உயரம் குறைவு, பனி உருவாக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீரும் பணமும் போதாது. ஜனவரியில் ஒரு வெப்ப அலை வந்தால் மூன்று வாரம் மூடிக் கிடக்கும். சின்ன மலையின் பாஸை வாங்குகிறவர் அந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

பழையநாற்காலி

அதனால்தான் வாங்கச் சொல்கிறேன். நாம் போகாவிட்டால் அவை 400 ஆகும்.

பச்சைத்தடம்

ஆசிரியராக இரண்டு வரி. மைத்துனரைச் சின்ன மலைக்கு அழைத்துப் போங்கள். புதிதாகக் கற்கிறவருக்கு வேண்டியது 80 மீட்டர் நீளச் சரிவும், பின்னாலிருந்து யாரும் சீறி வராத நிம்மதியும்தான். பெரிய மலையில் பச்சைத் தடங்கள் பெரும்பாலும் மேலிருந்து வீடு திரும்புகிறவர்களின் நெடுஞ்சாலை. மாலை மூன்றரைக்கு அங்கே புதியவரை நிறுத்துவது கொடுமை.

மகளுக்குப் பந்தயம் பிடிக்கும் என்றால் இன்னும் நல்லது. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்கீ வீராங்கனை லின்ட்ஸி வான் பயிற்சியைத் தொடங்கியது மினசோட்டாவின் பக் ஹில்லில். நூறு மீட்டர்கூட உயரமில்லாத குன்று அது. கயிற்று இழுவையில் மேலே போய் கம்பங்களுக்கிடையே இறங்கி, மறுபடி மேலே போய். ஒரு மாலையில் பெரிய மலையில் ஒரு வாரத்தில் கிடைக்காத அளவு திருப்பங்கள். குழந்தையின் கால் கற்பது திருப்பங்களின் எண்ணிக்கையால். மலையின் உயரம் அதற்குத் தெரியாது.

வெண்தடம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு சனிக்கிழமைகள் சின்ன மலைக்குப் போய்வந்தோம்.

முதல் நாள் 7.15க்குக் கிளம்பி 8.20க்குச் சேர்ந்தோம். காரிலிருந்து லிஃப்ட்டுக்கு அறுபது தப்படி. அதை எண்ணிப் பார்த்தது என் மகள். இரவில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்திருந்தது. கம்பிவடம் அண்ணா சொன்னபடி கணக்கு வைத்தேன். பதினைந்து இறக்கம், தலா 300 மீட்டர், மொத்தம் 4,500 மீட்டர். அந்தக் கொடுமையான சனிக்கிழமையின் 2,400ஐ இதற்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்குக் கிழக்கு ஓரத்து மரங்களுக்கிடையே ஒரு தடம்கூட விழாத பனி இருந்தது. நானும் அங்கே அறிமுகமான ஒருவரும் கண்ணில் படும் தூரத்தில் சேர்ந்தே இறங்கினோம். விசில் வாங்கிவிட்டேன்.

மைத்துனர் கயிற்று இழுவையில் தொடங்கி, இரண்டாம் வாரம் உச்சியிலிருந்து பச்சைத் தடத்தில் விழாமல் வந்து சேர்ந்தார். மகளுக்குப் புதன்கிழமை மாலைகளில் விளக்கொளியில் பந்தயப் பயிற்சி இருக்கிறது, சேர்த்துவிட்டேன்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். மனைவிக்கு ஏற்ற நீலத் தடங்கள் இரண்டே இரண்டு. இரண்டாம் வாரம் மதியத்துக்குள் இரண்டும் மனப்பாடமாகிவிட்டன. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பெரிய மலையின் மேற்குப் பக்கத்து நீண்ட வளைவுப் பாதையைப் பற்றி இரவில் பேசினாள். அந்த இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தைய இரவில் மழை பெய்து உறைந்திருந்தது. முகடுதேடி சொன்னது அப்படியே நடந்தது. மலை முழுவதும் ஒரே கண்ணாடி. உச்சி லிஃப்ட் காற்றால் ஒரு மணி நேரம் நின்றது. மற்ற இரண்டும் ஓடின, ஆனால் சறுக்கி மகிழ அங்கே எதுவும் இல்லை.

எனக்குமே தொடை எரியும் அந்த நீண்ட இறக்கம் இல்லாமல் ஏதோ குறைகிறது. அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். சீசன் பாஸ் சின்ன மலைக்கு. பெரிய மலைக்கு மார்ச்சில் நான்கு நாள், வாரநாட்களில் மட்டும், அடிவாரத்திலேயே தங்கி. வாகன நிறுத்துமிடத்தின் பக்கமே போகப்போவதில்லை. முகடுதேடி, வசந்தகாலப் பனியில் எந்த முகத்துக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்லித்தருவீர்களா? பதினோரு ஆண்டுகள் அங்கே சறுக்கியும் அந்த மலையைப் படித்ததே இல்லை என்று இந்த இழையில்தான் தெரிந்தது.

முகடுதேடி

மகிழ்ச்சியாகச் சொல்கிறேன். இரவில் நன்றாக உறைந்திருக்க வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. இரவில் மேகம் மூடியிருந்தால் பனி உறையாது, காலையிலேயே கூழாக இருக்கும். அன்று திட்டத்தை மாற்றுங்கள். வானம் தெளிவாக இருந்தால் முதல் ஒரு மணி நேரம் வடக்கு முகத்தில் இருங்கள், அங்கே இன்னும் குளிர்காலப் பனிதான். பத்து மணி வாக்கில் கிழக்கு முகம் மேலே இளகத் தொடங்கும். ஸ்கீயின் விளிம்பு ஒரு விரல் அளவு இறங்கினால் சரியான பதம். கணுக்கால் வரை புதைந்தால் தாமதமாகிவிட்டது, நகர்ந்துவிடுங்கள். அடுத்து தெற்கு, பிற்பகலில் மேற்கு. வெயிலுக்குப் பின்னால் அரை மணி நேரம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் மனைவிக்குப் பிடித்த மேற்குப் பக்கத்து வளைவுப் பாதையைக் காலையில் தொடாதீர்கள், கல்லாக இருக்கும். ஒன்றரை மணிக்கு அழைத்துப் போங்கள். எந்த வாரம் என்று சொல்லுங்கள். நான் வடக்கு முகத்து லிஃப்ட்டின் அடியில் ஒன்பது மணிக்கு நிற்கிறேன்.

வெண்தடம்

மூன்றாம் வாரம், செவ்வாய் முதல் வெள்ளி. நீலத் தொப்பி போட்ட சிறுமியைப் பார்த்தால் நாங்கள்தான்.